எந்த வரியில நின்னீங்க?

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை எழுதின எல்லாருக்கும் ஒரு கேள்வி ஞாபகம் இருக்கும். ஒரு பாட்டைக் கொடுத்து, கூடவே "இலக்கிய நயம் பாராட்டுக"ன்னு போட்டிருப்பாங்க. நாமளும் மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம்னு வரிசையா தலைப்புப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழே மனப்பாடம் பண்ணின வாக்கியத்தை எழுதி வெச்சிடுவோம். பாட்டு எதுவா இருந்தாலும் எதுகை அழகு சேர்க்கும், சந்தம் இனிமையா இருக்கும். பாட்டைப் படிக்காமலே பாதி மார்க் வாங்கிடலாம்.

ஆனா அந்தக் கேள்வி நல்ல கேள்விங்க. "இந்த மொழிநடை உன்னை என்ன செஞ்சுது?" என்பதுதான் அது கேட்கிறது. உலகத்தில் பல பேர் நூறு வருஷமா இதே கேள்வியை ஆராய்ச்சியாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு நடை வாசகரிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அளக்க முடியுமா? இந்த எபிசோடில் அதைத்தான் பேசப்போகிறோம். அதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறது.

தொண்ணூற்றொன்பது பூக்கள்

கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் ஒரு பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. அங்கே ஆற்றுக்குள் ஒரு பாறை. கபிலர் குன்று என்று பெயர். பாரி இறந்தபிறகு கபிலர் தன் கடைசி நாட்களை அங்கேதான் முடித்துக்கொண்டார் என்பது மரபு. மாவட்டத்தின் இன்னொரு பக்கத்தில் கல்வராயன் மலை.

கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டு, பத்துப்பாட்டில் ஒன்று. 261 அடிகள். ஆரிய அரசன் பிரகத்தன் என்பவனுக்குத் தமிழை அறிமுகப்படுத்துவதற்காகப் பாடியது என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. அது வரலாறா கதையா என்பது இங்கே முக்கியமில்லை. தமிழ் மரபுக்கு வெளியே இருக்கும் ஒருவரை வாசகராக நினைத்து எழுதப்பட்டதாக ஒரு பாட்டையே நம்மவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். "வாசகர் யாரு?" என்ற கேள்வி அந்தப் பாட்டோடயே ஒட்டிக்கிட்டு வருது.

பாட்டில் தோழி செவிலித்தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். தினைப்புனம் காவலுக்குப் போன இடத்தில் தலைவியும் தோழியும் அருவியில் குளிக்கிறார்கள், பூப் பறிக்கிறார்கள், பாறையில் குவிக்கிறார்கள். "நிறைய பூ பறிச்சோம்"னு ஒரே வாக்கியத்தில் முடிக்கலாம். கபிலர் முடிக்கவில்லை. முப்பது அடிகளுக்கு மேல் 99 பூக்களின் பெயரை அடுக்கிக்கொண்டே போகிறார். கதை அப்படியே நிற்கிறது. பூ மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

இது நடை சார்ந்த ஒரு முடிவு. இந்த இடத்துக்கு வந்ததும் வாசகர் என்ன செய்வார்? தாண்டிப் போவாரா, மயங்குவாரா, எண்ணிப் பார்ப்பாரா, போனை எடுத்து அர்த்தம் தேடுவாரா? உட்கார்ந்த இடத்திலிருந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாசகரிடம் போய்ப் பார்க்கணும்.

நிற்கிற இடத்தை அளப்பது

இதற்கு ஒரு சின்ன முன்கதை. 1917-ல் ரஷ்யாவில் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி ஒரு வாதத்தை வைத்தார். தினமும் பார்க்கிற பொருளை நாம் உண்மையில் பார்ப்பதே இல்லை. பழக்கம் கண்ணை மறைத்துவிடுகிறது. பழகியதை அந்நியமாக்கி, நம்மை நிறுத்தி, மறுபடி பார்க்கவைப்பதுதான் கலையின் வேலை என்றார். பின்னர் 1930-களில் பிராக் நகரத்து அறிஞர் யான் முகரோவ்ஸ்கி இதை மொழிக்குப் பொருத்தினார். சாதாரண மொழி பின்னணியில் இருக்கிறது, கவிதைமொழி அதிலிருந்து விலகி முன்னால் வந்து நிற்கிறது. இதை நாம் "முன்னிறுத்தம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதெல்லாம் கோட்பாடு. வாசகர் உண்மையிலேயே நிற்கிறாரா? கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மயால், டான் கைகன் இரண்டு பேரும் 1994-ல் இதற்கு ஒரு விடை வெளியிட்டார்கள். செய்முறை ரொம்ப எளிமை. சில ஆங்கிலச் சிறுகதைகளை ஏறக்குறைய ஒரு வாக்கிய அளவுள்ள துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒலி அளவில், இலக்கண அளவில், பொருள் அளவில் எவ்வளவு முன்னிறுத்தம் இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். ஒலி என்றால் நம் மோனை மாதிரி. இலக்கணம் என்றால் வாக்கிய அமைப்பைப் புரட்டிப் போடுவது. பொருள் என்றால் உருவகம் போன்றவை. அப்புறம் வாசகர்களைக் கணினி முன் உட்காரவைத்து, ஒரு துண்டு படித்து முடித்ததும் பட்டனை அழுத்தினால் அடுத்தது வரும்படி செய்தார்கள். எந்தத் துண்டில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது கணக்காகிவிடும். நீளமான துண்டுக்கு இயல்பாகவே அதிக நேரம் ஆகும் என்பதால் நீளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

முன்னிறுத்தம் அதிகமான இடங்களில் வாசிப்பு மெதுவானது. அதே இடங்களைத்தான் வாசகர்கள் "என்னைக் கவர்ந்தது", "உணர்ச்சியைத் தூண்டியது" என்றும் மதிப்பிட்டார்கள். இந்த விளைவு வாசகரின் இலக்கியப் பயிற்சியைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அதாவது நடை எல்லாரையும் தொடுது, அதுக்கு எம்.ஏ. படிச்சிருக்கத் தேவையில்லை.

நேரம் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். ஒருவர் ஒரு வரியில் மூன்று நொடி கூடுதலாக நின்றால், அது ரசனையா குழப்பமா என்று கடிகாரத்துக்குத் தெரியாது. அதனால்தான் நேரத்தையும் அளந்து, ஆளிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. சிரிப்பு, அழுகை, வியப்பு, அச்சம் என எட்டு உணர்வுகள் உடம்பில் எப்படி வெளிப்படும் என்று அது பேசுகிறது. "மெய்" என்றால் உடம்பு. உள்ளே நடப்பதை வெளியே தெரியும் அடையாளத்தை வைத்துப் பிடிக்கும் யோசனை நமக்குப் புதுசு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பட்டன் வைத்துப் பிடிக்கிறார்கள், கண் அசைவைப் படம்பிடித்துப் பார்க்கிறார்கள். அடையாளத்தைப் படித்துச் சொல்லும் வேலை மட்டும் எப்போதும் மனிதர்களிடம்தான் இருக்கிறது.

பஸ்ஸில் கேட்ட பதில்

ஒரு தடவை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனேன். கையில் உரையோடு குறிஞ்சிப்பாட்டு. மலையேறும் பஸ், கொண்டை ஊசி வளைவு, அதில் சங்க இலக்கியம். பக்கத்தில் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னா தம்பி படிக்கிற?"ன்னு கேட்டாங்க. பூப்பேரா இருக்குதுங்கம்மான்னு சொல்லி, உரையைப் பார்த்துக் கொஞ்சம் பேரை வாசிச்சுக் காட்டினேன். வேங்கை, கொன்றை, இலவம், வாகை. காந்தள்னதும் புருவத்தைச் சுருக்கினாங்க. கண்வலிக்கிழங்குப் பூன்னு சொன்னதும் தலையாட்டினாங்க. ரெண்டு பொண்ணுங்க ஒரே நாள்ல இதெல்லாம் பறிச்சாங்களாம்மான்னேன்.

சிரிச்சிட்டாங்க. "அது எப்படிப்பா? கொன்னை சித்திரையில பூக்கும். கண்வலிப் பூ மழை விழுந்தப்புறம்தான் வரும். ஒரே நாள்ல எப்படிப் பறிக்கிறது?"

அந்தப் பட்டியலைப் பற்றிப் பல விளக்கங்கள் படித்திருக்கிறேன். கபிலரின் இயற்கை அறிவு என்பார்கள், மலையின் வளம் என்பார்கள். அந்த அம்மா சொன்னது நேராக நடையைத் தொடுகிறது. ஒரே பொழுதில் கிடைக்காத பூக்களை ஒரே பாறையில் குவித்ததால், அந்தக் குவியல் தாவரக் கணக்கு இல்லை, மிகை என்று தெரிந்துபோகிறது. அப்புறம்தான் அடுத்த கேள்வி கேட்க முடியும். செவிலித்தாயிடம் ஒரு ரகசியத்தைச் சொல்ல வந்த பெண், முக்கியமான விஷயத்துக்கு வருவதற்கு முன் ஏன் இவ்வளவு பூவை அடுக்குகிறாள்? தாமதம் பண்றாளா? அந்த நாளின் சந்தோஷம் அவளை நிறுத்தவிடலையா?

இப்போது மூன்று வாசகர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நகரத்தில் வளர்ந்த ஒருவர் எறுழம், பாங்கர், தணக்கம் மாதிரியான சொற்களில் நிற்பார். அவரை நிறுத்துவது தெரியாத சொல். ஒரு நூறு தாண்டிய சொற்கூட்டம் அவருக்கு ஒலியாக மட்டும் போய்ச் சேரலாம், அதுவும் ஓர் அனுபவம்தான். மலையில் இருப்பவருக்கு வேங்கை ஒரு மரம், கொன்றை ஒரு மாதம். அவரை நிறுத்துவது காலப் பொருத்தம். பரீட்சைக்குப் படிப்பவர் எங்கேயும் நிற்க மாட்டார். "99 மலர்கள், ஆசிரியர் கபிலர்"னு ஒரு மார்க் கேள்வியாக அடிக்கோடிட்டுப் போய்விடுவார். வரிகள் ஒன்றுதான். நின்ற இடம் மூன்று.

எது பின்னணி?

இங்கேதான் தமிழ் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. முன்னிறுத்தம் என்றால் சாதாரண மொழியிலிருந்து விலகுவது என்று சொன்னோம். தமிழில் எது சாதாரணம்? நாம் பேசுவது ஒன்று, எழுதுவது இன்னொன்று. "வந்தது"ங்கறது ஒரு மாணவருக்குப் பழக்கமான பாடப்புத்தகச் சொல். வீட்டில் யாருமே அப்படிப் பேசாத குழந்தைக்கு அது முதல் வகுப்பில் ஒரு அந்நியச் சொல்லாகத்தான் வந்து சேர்கிறது.

கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. அந்த மலையில் வளரும் பிள்ளைக்கும் சென்னையில் வளரும் பிள்ளைக்கும் ஒரே பாடம். ஒரு பத்தியில் எந்த வரி முன்னால் வந்து நிற்கும் என்பது இரண்டு பேருக்கும் வேறாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு பேருடைய பின்னணியும் வேறு.

நவீன இலக்கியத்திலும் இதே கதைதான். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதியை நடுநாடு என்பார்கள். பக்கத்து விருத்தாசலம் பக்கத்திலிருந்து எழுத வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வெளியானது. கண்மணி குணசேகரன் நாவல்கள் எழுதியதோடு நிற்காமல் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் தொகுத்தார். அவருக்கு முன்பே கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் அகராதி செய்திருந்தார்கள். ஒரு எழுத்தாளரே உட்கார்ந்து அகராதி போடுகிறார் என்றால் என்ன அர்த்தம்? என் பக்கத்தில் உன்னை நிறுத்துகிற சொல், எங்க ஊர்ல யாரையும் நிறுத்தாத சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சென்னையில் இருக்கும் வாசகர் வட்டார வழக்கில் எழுதிய நாவலை எடுத்ததும் "நடை கஷ்டமா இருக்கு" என்பார். அல்லது "மண் மணக்குது" என்பார். ரெண்டுமே தூரத்திலிருந்து வருகிற பதில்தான். அந்த ஊர்க்காரருக்கு அதே உரையாடலில் மண் வாசனை எதுவும் அடிக்காது. கோபத்தில் ஒரு பெண் சொல்லும் பழமொழி எவ்வளவு கூர்மை, யார் யாரை எப்படி விளித்தார்கள், அதில் சாதி எங்கே தெரிகிறது என்றெல்லாம் அவர் கவனிப்பார். மயால், கைகன் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. பழகாதது நம்மை நிறுத்துகிறது என்பது உண்மை. அதைத் தமிழில் சோதிப்பதாக இருந்தால், வாசகர் எந்தத் தமிழோடு வந்திருக்கிறார் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயரை மறைத்துப் பாருங்கள்

இன்னொரு பழைய சோதனை. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தார், எழுதியவர் பெயர் இல்லாமல். படித்துவிட்டுத் தோன்றுவதை எழுதித் தரச் சொன்னார். 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை அலசி 1929-ல் புத்தகமாக்கினார். நன்றாகப் படித்த மாணவர்கள்கூட வரியின் நேரடிப் பொருளையே தவறவிட்டிருந்தார்கள். கவிதையில் இல்லாத சொந்த நினைவுகளை ஏற்றியிருந்தார்கள். காதல், மரணம் என்றதும் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த உணர்ச்சியை எடுத்து ஒட்டியிருந்தார்கள். இப்படிப் பத்து வகைத் தடைகளைப் பட்டியலிட்டார்.

நம் ஊரிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி கூடும். பாட்டைச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பார்கள். டி.கே.சி. தன் ரசனையை எவ்வளவு நம்பினார் என்றால், கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பர் பாடியவையே இல்லை என்று ஒதுக்கினார். ரசனை ஒரு சான்றாகுமா என்று அதற்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வேறு வழியில் போனார். பிடித்திருக்கிறது என்றால் போதாது, எந்தச் சொல்லில், எந்த அமைப்பில் என்று காட்டவேண்டும் என்பது அவருடைய அலசல் முறை. ஒருவர் உணர்ந்ததை நம்பினார், இன்னொருவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டச் சொன்னார். நடை வாசகரை என்ன செய்கிறது என்று ஆராய இரண்டுமே வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க

லேப் எதுவும் தேவையில்லை. நாலஞ்சு நண்பர்கள் போதும். முடிந்தால் வேறு வேறு ஊரில் வளர்ந்தவர்களாக இருக்கட்டும்.

ஒரு பக்க அளவில் ஒரு பகுதியை எடுங்கள். ஆசிரியர் பெயரை மறைத்துவிடுங்கள். பெயர் தெரிந்தால் மரியாதை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். படிக்கும்போது பென்சிலால் ஒரே ஒரு வேலை: நின்ற இடத்தில் ஒரு புள்ளி. ஏன் நின்றேன் என்று அப்போது எழுதவேண்டாம். முடித்தபிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை: புரியல, பிடிச்சுது, நம்பமுடியல, ஞாபகம் வந்துது. அப்புறம் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாருக்கும் புள்ளி விழுந்த இடம் எது, ஒருவருக்கு மட்டும் விழுந்த இடம் எது? பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்த கட்டம், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. 99 பூக்களை எடுத்துவிட்டு "பல பூக்களைப் பறித்தோம்" என்று போட்டு, பாதிப் பேருக்கு அந்த வடிவத்தைக் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பெண்கள் எவ்வளவு நேரம் அருவியில் இருந்தார்கள் என்று இரண்டு குழுவிடமும் கேளுங்கள். பதில் மாறினால் அந்தப் பட்டியல் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதில் என்ன போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய போகிறது. எந்தப் பாடம் புத்தகத்தில் இருக்கவேண்டும், எந்த நாவல் "கஷ்டம்", எந்த வட்டார உரையாடலைத் திருத்தவேண்டும் என்று யாரோ தினமும் முடிவு எடுக்கிறார்கள். "வாசகருக்குப் புரியாதுங்க"ன்னு அவர்கள் சொல்லும்போது, அந்த வாசகர் பெரும்பாலும் அவர்களை மாதிரியே பேசுகிற ஒருவர்தான். வெள்ளிமலையில் இருக்கும் வாசகரை யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். பரீட்சையிலும் அதே நிலைதான். கொன்றை எந்த மாதம் பூக்கும் என்று தெரிந்த ஒரு பிள்ளை, அதைத் தன் விடைத்தாளில் எழுதினால் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? மோனையா, எதுகையா, அணியா?

கேட்கிறவர்களில் யாராவது ஆசிரியராக இருந்தால், அடுத்த முறை நயம் பாராட்டச் சொல்லும்போது தலைப்புகளுக்கு முன்னால் ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள்: "எந்த வரியில நின்ன? ஏன்?" மோனையும் எதுகையும் அதற்குப் பிறகு வரட்டும். நின்ற இடத்தை விளக்குவதற்கு அப்போது அவை உண்மையிலேயே தேவைப்படும்.